ஆயிரம் பிள்ளைகளின் தாயார்

நூற்றாண்டு மலருக்கு எழுதும்படி கேட்டபோது, கட்டடங்களையும் அதிபர்களையும் பற்றி மற்றச் சகோதரிகள் நன்றாக எழுதுவார்கள் என்று எண்ணி, நெடுநாளாக மனதில் கிடந்த ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டேன். உடுவிலில் ஆரம்ப காலத்தில் படித்த பெண்பிள்ளைகள் கிறிஸ்தவர்களானார்கள் என்று மிஷன் அறிக்கைகள் சொல்கின்றன. அந்த விசுவாசம் அவர்களுக்குள் எப்படி வேர்விட்டது?

1816இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷனரிமாருக்கு ஆண்பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குச் சேர்ப்பது பெரிய பாடாக இருக்கவில்லை. பெண்பிள்ளைகளின் காரியம் வேறு. எழுத்து வாசிப்பு குடும்பப் பெண்ணுக்கு அழகல்ல என்று எண்ணிய காலம் அது. 1824இல் ஹரியற் வின்ஸ்லோ அம்மையார் விடுதிப் பாடசாலையைத் தொடங்கியபோது உணவு, உடை, தங்குமிடம் யாவற்றையும் மிஷனே கொடுத்தது. படித்து முடித்து மணமாகிப் போகும் பிள்ளைக்குச் சீதனமும் கொடுத்தது.

சங்கடம் இங்கேதான். சோற்றுக்கும் சீதனத்துக்கும் வேதத்தில் சேர்ந்தவர்கள் என்று சொல்வாருண்டு. அதைக் கேட்டுக் கோபப்படுவதில் பயனில்லை. வறிய வீட்டிலிருந்து ஏழெட்டு வயதில் வந்த பிள்ளை முதலில் கண்டது சோற்றைத்தான். அவள் அதன்பின் என்ன கண்டாள் என்பதே விஷயம்.

அதற்கு விடை தேடினால் எலிசா அக்னியூ அம்மையாரிடம் வந்து நிற்போம். 1807இல் நியூயோர்க்கில் பிறந்தவர். எட்டு வயதில், பூமிசாஸ்திர வகுப்பில், மிஷனரியாவதென்று தீர்மானித்தார். பெற்றோர் இருக்கும்வரை அவர்களைப் பராமரித்து, 32 வயதிலேயே கப்பலேறினார். 1840இல் இங்கு வந்தவர் ஒருமுறையேனும் ஊர் திரும்பவில்லை. ஏறக்குறைய நாற்பது வருடம் உடுவிற் பாடசாலையை நடத்தினார். முதலில் படித்தவர்களின் பிள்ளைகளும், பேரப்பிள்ளைகளுங்கூட அவரிடம் படித்தார்கள். 1000க்கு மேற்பட்டோர் அவர் கையால் படித்தவர்கள். அவர்களில் 600க்கு மேற்பட்டோர் கிறிஸ்தவர்களாக வெளியேறினர்.

முழுப் படிப்பையும் முடித்த எவரும் கிறிஸ்தவராகாமல் போகவில்லை என்று, அவரை நன்கறிந்த மேரி, மார்கரெட் லீச் சகோதரிமார் பெருமையோடு எழுதியிருக்கிறார்கள். எனக்கு அந்தக் கணக்கில் முழுத் திருப்தி இல்லை. எல்லோரும் ஒரே திசை நோக்கும் விடுதியில், சபையார் முன் கேள்விகளுக்கு விடை சொல்லித் திருச்சபையில் சேர்வது ஒரு தொடக்கம் மாத்திரமே. மாமியார் வீட்டில், பிள்ளை காய்ச்சலாய்க் கிடக்கும் இரவில், அயலார் நேர்த்தி வைக்கச் சொல்லும்போதுதான் அந்தப் பெண் தன் விசுவாசம் எது என்று அறிந்திருப்பாள். சிலர் பின்வாங்கியிருக்கலாம். வகுப்பில் மனனம் செய்த வசனத்தின் பொருள் இன்னுஞ் சிலருக்கு அன்றைக்கே முதன்முதலாக விளங்கியிருக்கலாம்.

அக்னியூ அம்மையாருக்கு இது தெரிந்திருந்தது என்றே நினைக்கிறேன். ஏனென்றால் விடுமுறை வந்தால் அவர் ஓய்வெடுக்கவில்லை. கிராமம் கிராமமாகப் பழைய மாணவிகளின் வீடுகளைத் தேடிப் போனார். வைத்தியர்களாகிய எங்களுக்கு இது புதிதல்ல. நோயாளியை வார்ட்டிலிருந்து வீட்டுக்கு அனுப்பியபின் கிளினிக்கில் பார்க்காவிட்டால், கொடுத்த மருந்து என்ன செய்தது என்று எப்படி அறிவது? அறிக்கைகளில் எண்ணிக்கை வந்தது. அந்தத் திண்ணைப் பேச்சுகள் பெரும்பாலும் வரவில்லை. நமது பழைய மாணவிகள் சங்கத்துக்கு வித்து அந்தத் திண்ணைகளில்தான் விழுந்தது என்று சொல்ல எனக்கு ஆசை.

1879இல் இளைப்பாறி, மானிப்பாயில் லீச் சகோதரிமாருடன் வாழ்ந்தார். 1883 ஜூன் மாதம் மரணப் படுக்கையில் இருந்தபோது, எதற்காக ஜெபிக்கவேண்டும் என்று கேட்ட மிஷனரியிடம், தமக்காக ஒன்றும் கேளாமல், யாழ்ப்பாணத்துப் பெண்களுக்காக ஜெபிக்கும்படி கேட்டுக்கொண்டார். அதே வேளையில் உடுவிலில், அறைக்கு அறை பிள்ளைகள் கூடியிருந்து அவருக்காக ஜெபித்துக்கொண்டிருந்தார்கள் என்று அந்தச் சகோதரிமார் எழுதி வைத்திருக்கிறார்கள்.