குக்குலு

குக்குலு என்பது வறண்ட நிலங்களில் வளரும் ஒரு முட்செடியும், அதன் தண்டிலிருந்து எடுக்கப்படும் மணமுள்ள பிசினும் ஆகும். தாவரவியலில் இது கமிஃபோரா வைட்டியை எனப்படுகிறது. இராசத்தான், குசராத்து ஆகிய மாநிலங்களிலும் பாக்கித்தானின் சிந்து, பலுச்சித்தான் பகுதிகளிலும் காணப்படுகிறது. ஏறத்தாழ 4 மீட்டர் வரை வளரும். நாட்டு மருந்துக் கடைகளில் குங்கிலியம் என்று விற்கப்படுவது பெரும்பாலும் சால மரத்தின் பிசினே. அது வேறு, இது வேறு.

கொலஸ்ட்ரால் ஆய்வுகள்

உடற்பருமனுக்குக் குக்குலுவைத் தரலாம் எனச் சுசுருத சம்கிதை கூறுகிறது. இக்கூற்றைச் சோதித்துப் பார்க்க முற்பட்ட ஜி. வி. சத்தியவதி, 1966 இல் பனாரசு இந்துப் பல்கலைக்கழகத்தில் முயல்களைக் கொண்டு ஆய்வு நடத்தி, குக்குலு குருதிக் கொழுப்பைக் குறைப்பதாகக் கண்டார். இதையடுத்து இலக்னோவிலுள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் பிசினின் சாற்றிலிருந்து ஒரு மருந்தை உருவாக்கியது. 1980களில் இந்தியாவில் அதன் விற்பனைக்கு ஒப்புதல் கிடைத்தது. இந்தியாவில் நடந்த தொடக்ககால ஆய்வுகள் பல, கொலஸ்ட்ரால் குறைந்ததாகவே தெரிவித்தன. பிசினிலுள்ள குக்குல்ஸ்டீரோன் என்னும் பொருள், பித்த அமிலங்களை உணரும் ஓர் ஏற்பியைத் தடுக்கிறது என்று 2002 இல் வெளியான ஆய்வு காட்டியது. இதனால் மருந்து செயற்படும் விதமும் விளங்கிவிட்டதாகக் கருதப்பட்டது.

ஆனால் 2003 இல் அமெரிக்காவில் 103 பேரிடம் 8 வாரங்கள் நடத்தப்பட்ட ஆய்வின் முடிவு நேர்மாறாக அமைந்தது. குக்குலு உட்கொண்டவர்களுக்குக் 'கெட்ட கொழுப்பு' எனப்படும் எல்.டி.எல். 4 முதல் 5 விழுக்காடு வரை கூடியது. வெற்று மாத்திரை உட்கொண்டவர்களுக்கோ அது 5 விழுக்காடு குறைந்தது. நோர்வேயில் 43 பேரிடம் நடத்தப்பட்டு 2009 இல் வெளியான ஆய்வில் மொத்தக் கொலஸ்ட்ரால் சிறிதளவே குறைந்தது. அதோடு 'நல்ல கொழுப்பும்' குறைந்தது. எனவே மருத்துவர் தரும் ஸ்டாட்டின் மருந்துகளுக்கு மாற்றாகக் குக்குலுவைக் கொள்ள இயலாது.

பக்க விளைவுகள்

2003 ஆய்வில் குக்குலு உட்கொண்ட ஆறு பேருக்குத் தோலில் ஒவ்வாமைத் தடிப்புகள் தோன்றின. வயிற்றுப்போக்கும் ஏற்படலாம். புரோபிரனலால், டில்டியாசெம் ஆகிய இதய மருந்துகள் உடலில் சேரும் அளவை இது குறைக்கிறது. ஆகவே இம்மருந்துகளை உட்கொள்வோர் மருத்துவரைக் கேளாமல் குக்குலுவைச் சேர்த்துக்கொள்வது ஆபத்தானது.

பிசின் எடுத்தல்

செடி மெல்ல வளர்வது. தண்டைக் கீறினால் வடியும் பால் இறுகிப் பிசினாகிறது. ஒரு செடியிலிருந்து சில நூறு கிராம் மட்டுமே கிடைப்பதால், கூடுதலாக வடிய வேண்டி ஆழமாகக் கீறி வேதிப்பொருள்களைப் பூசுவதுண்டு. அவ்வாறு கீறப்பட்ட செடி பெரும்பாலும் பட்டுப்போகிறது. இதனாலும் வாழிட அழிவாலும் எண்ணிக்கை பெரிதும் குன்றவே, பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் 2015 இல் குக்குலுவை மிக அருகிய இனமாகப் பட்டியலிட்டது. சரக்கு அரிதாகிவிட்டதால் சந்தையில் வேறு பிசின்களைக் கலந்து விற்பதும் நடைபெறுகிறது.