திருக்குளமும் ஏரி வாரியமும்

கும்பாபிஷேகம் என்பது நீரால் நிகழும் பெருவிழா. புண்ணிய தீர்த்தங்களைக் குடங்களில் நிறைத்து, யாகசாலையில் எழுந்தருளச் செய்து, மந்திரங்களால் உருவேற்றி, விமானத்தின் உச்சிக் கலசத்தில் சொரியும் அந்த ஒரு கணத்தைக் காணவே அடியார் திருக்கூட்டம் திரளுகின்றது. ஆலயம் புதுப்பொலிவு பெறுவது நீராலேயே எனின், அந்நீரைத் தேக்கியும் காத்தும் வந்த கலை ஆலய வரலாற்றினின்றும் வேறானதன்று. அவ்வரலாற்றைத் திருக்கோயிற் சுவரிலேயே பொறித்து வைத்துள்ள ஊர் ஒன்று தொண்டை நாட்டில் உண்டு. காஞ்சிபுரத்தை அடுத்த உத்தரமேரூரே அது.

தொண்டை நாட்டில் மழை சில திங்களே பெய்து ஓய்வது. ஆண்டு முழுதும் பெருகும் ஆறும் அங்கில்லை. ஆதலின் மழைநீரைத் தேக்கினாலன்றி வேளாண்மையும் இல்லை, வழிபாடும் இல்லை. பல்லவர் காலத்திலேயே உத்தரமேரூரில் வயிரமேகத் தடாகம் என்னும் பேரேரி விளங்கிற்று. மகேந்திரவாடியில் மகேந்திரவர்மப் பல்லவன் குடைவித்த திருமால் குகைக்கோயிலின் கல்வெட்டு, அருகில் உள்ள மகேந்திர தடாகத்தையும் சேர்த்தே கூறுகின்றது. கோயில் எழுப்பும்போதே ஏரியையும் எண்ணியமை அக்காலத்தார் மரபு.

ஏரி என்பது வெறும் பள்ளமன்று. உறுப்புகள் அமைந்த ஓர் உடல் போன்றது. மழைநீர் வழிந்து வரும் மேட்டு நிலம் நீர்ப்பிடிப்பு எனப்படும். அந்நீரை ஏரிக்குக் கொணர்வது வரத்துக் கால். தேக்கி நிறுத்துவது கரை. பாசனத்திற்கு அளவாக நீர் விடுவது மதகு. மிகுந்த நீரை வழியவிடுவது கலிங்கு. இவற்றுள் ஒன்று பழுதுபடினும் ஏரி கெடும். மண்ணாலான கரையின்மேல் நீர் வழியத் தொடங்கினால், அவ்வோட்டம் மண்ணை அரித்துச் சிறிது நேரத்தில் கரையையே உடைத்துவிடும். அதனாலேயே கரையின் உச்சியினும் தாழ்ந்த ஓரிடத்தில் கல்லால் கலிங்கு கட்டினர். ஓர் ஏரியின் கலிங்கில் வழியும் நீர் வீணாவதில்லை. அடுத்த ஏரிக்கு அதுவே வரத்தாகின்றது. இவ்வாறு ஏரிகள் சங்கிலி போல் தொடர்ந்து அமைந்தன.

மதகின் அமைப்பு மேலும் வியப்புக்குரியது. நீரின் ஆழம் மிகுந்தோறும் அதன் அழுத்தமும் மிகும். ஆழ்ந்த ஏரியின் அடியில் வாயில் ஒன்றைத் திறந்து மூடுதல் எளிதன்று. இதற்குப் பழந்தமிழர் கண்ட வழியே குமிழித் தூம்பு. ஏரியின் உட்புறத்தே இரு கற்றூண்களை நாட்டி, அவற்றின் அடியில் கற்றொட்டி ஒன்றை அமைத்து, அத்தொட்டியினின்றும் கரையின் கீழே சுருங்கை வழி செய்தனர். தொட்டியின் மேலுள்ள துளை நீரோடி. அடியிலுள்ள சிறு துளைகள் சேறோடி. மேல் துளையின் அடைப்பைத் தூக்கியதும் நீர் பாயும்; அவ்வோட்டத்தோடு அடியிற் படிந்த சேறும் ஓரளவு வெளியேறி வயலுக்கு உரமாகும்.

எனினும் வண்டல் முழுதும் இவ்வாறு நீங்கிவிடாது. ஓடிவரும் நீர் விரைவு குன்றியதும் தான் சுமந்த மணலை முதலிலும், நுண்மண்ணைப் பின்னரும் கீழே விடுகின்றது. ஆண்டுதோறும் படியும் இம்மண் ஏரியின் கொள்ளளவைச் சிறிது சிறிதாக உண்டுவிடும். ஏரியைக் கட்டுதல் ஒருமுறைப் பணி. காத்தலோ என்றும் ஓயாப் பணி. இவ்வுண்மையை நன்கறிந்தவர் உத்தரமேரூர்ச் சபையார்.

முதற் பராந்தக சோழன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பெற்ற இரு கல்வெட்டுகள் அவ்வூரில் உள்ளன. ஊரின் 30 குடும்புகளிலும் தகுதியுடையார் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, வேறுபாடறியாச் சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுப்பித்தனர். அங்ஙனம் தெரிந்தெடுத்தவருள் 12 பேர் சம்வத்சர வாரியர். 12 பேர் தோட்ட வாரியர். 6 பேர் ஏரி வாரியர். அவர்தம் பணிக்காலம் 360 நாள். முதற் கல்வெட்டில் 30 முதல் 60 வரை என்றிருந்த வயதெல்லை, இரண்டே ஆண்டுகளில் 35 முதல் 70 வரை என மாற்றப்பெற்றது. முன்பு வாரியம் செய்து கணக்குக் காட்டாதவர் மட்டுமன்றி, அவர்தம் நெருங்கிய உறவினரும் தகுதியற்றவராயினர். இன்னும் ஒன்று கருதத்தக்கது. முன்பே தோட்ட வாரியமும் ஏரி வாரியமும் செய்தவர்களையும், கல்வியிலும் வயதிலும் முதிர்ந்தவர்களையுமே சம்வத்சர வாரியத்திற்குக் கொண்டனர். ஏரியைக் காத்த கையே ஊரைக் காக்கவும் தகுதி பெற்றது.

ஏரிக்காக விடப்பெற்ற நிலம் ஏரிப்பட்டி என்றும், அதற்கென்று தண்டிய வரி ஏரி ஆயம் என்றும் வழங்கின. பிற்காலத்தில் இப்பொறுப்பு குடிமராமத்து என்னும் பெயரால் ஊராரிடம் நின்றது. ஊர்ச் சபைகளின் வலிமை குன்றியபோது அம்மரபும் தளர்ந்தது. 1858ஆம் ஆண்டில் சென்னை மாகாண அரசு அதனைச் சட்டத்தின் வாயிலாகக் கட்டாயமாக்க முயன்றது. தானே விரும்பிச் செய்த தொண்டு ஆணைக்கு அடங்கிய வேலையாக மாறியபோது உயிர்ப்பு இழந்தது. 2017ஆம் ஆண்டில் தமிழக அரசு குடிமராமத்து என்னும் பெயரிலேயே ஏரிப் பணிகளை மீண்டும் தொடங்கிற்று.

ஏரிக்குச் சொன்னதே திருக்குளத்திற்கும் பொருந்தும். குளத்தில் நின்ற நீர் மண்ணுள் மெல்ல ஊறிச் சுற்றுப்புறக் கிணறுகளை வளர்க்கும். குளம் வற்றின் கிணறும் வற்றும். வரத்துக் காலை அடைத்து வீடு கட்டியபின், படித்துறையைப் பளிங்கால் இழைப்பினும் குளம் நிறையாது. நீரின் தூய்மையும் அத்தகையதே. குளத்தில் எறியும் மலரும் இலையும் உணவும் அழுகும்போது, அவற்றைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் நீரிற் கரைந்துள்ள உயிர்வளியை உட்கொண்டுவிடும். மூச்சு முட்டி மீன்கள் இறந்து மிதப்பது இதனாலேயே. கலங்கிய நீரில் தேற்றாங்கொட்டையை இழைத்தால் நுண்மண் ஒன்றுகூடிப் படிந்து நீர் தெளியும் என்பதை முன்னோர் அறிந்திருந்தனர். ஆயின் தெளிந்த நீரெல்லாம் பருகத் தக்கதன்று. நோய்க் கிருமி கண்ணுக்குப் புலப்படாது; காய்ச்சிப் பருகுதலே நலம்.

கோபுரத் திருப்பணிக்குப் பொருளுதவிய அன்பர் பெயர்கள் கல்லில் விளங்குவது முறையே. அதனோடு வரத்துக் கால் ஒன்றைத் தூர்வாரிக் கொடுத்தவர், கணக்குக் குறையாமல் ஓராண்டு குளத்தைப் பேணியவர் ஆகியோரின் தொண்டும் உத்தரமேரூரார் வகுத்த அறத்தின் வழிப்பட்டதாகும். பன்னிரண்டு ஆண்டுகட்கு ஒருமுறை கும்பாபிஷேகம் நிகழலாம். குளத்திற்கோ ஆண்டுதோறும் திருப்பணி வேண்டும். அதற்கு இறைவன் திருவருள் துணை நிற்பதாக.