கூண்டிலிருந்து லண்டனுக்கு

சோளக்கதிர் பால் பிடிச்சா போதும், எங்க காட்டுக்குப் பச்சைக்கிளிக் கூட்டம் வந்துடும். பரண்மேல ஏறித் தகர டப்பா தட்டியே கை ஓஞ்சுபோகும். அதே இனக் கிளிங்க இன்னிக்கு லண்டன் புறநகர்ல, ரிச்மண்ட், கிங்ஸ்டன் பக்கம், ஆயிரக்கணக்கில் வாழுதுங்க. பனிக்காலத்தையும் தாங்கிக்கிட்டு!

எப்படிப் போச்சு? அங்கே ரெண்டு கதை சொல்வாங்க. 1951-ல் வந்த 'தி ஆப்பிரிக்கன் குயின்' படப்பிடிப்பில் தப்பிச்சதுன்னு ஒண்ணு. கிதார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் 1960-களில் ஒரு ஜோடியைப் பறக்கவிட்டார்னு இன்னொண்ணு. ரெண்டுக்கும் ஆதாரம் கிடையாது. 1855-லேயே நார்ஃபோக்கில் இந்தக் கிளியைப் பார்த்த பதிவு இருக்கு. 1929-30-ல் கிளிக்காய்ச்சல் பீதி பரவினப்போ, பயந்துபோய்ப் பலர் கூண்டைத் திறந்துவிட்டிருக்கலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். 1969 வாக்கில் அங்கே வெளியில் மரப்பொந்துகளில் குஞ்சு பொரிக்க ஆரம்பிச்சது.

மரபணுவைப் பார்த்தால், ஐரோப்பாவில் பரவிய கிளிகளின் பூர்வீகம் பெரும்பாலும் பாகிஸ்தானும் வட இந்தியாவும்தான். ஆக, சினிமாவோ பாட்டோ காரணமில்லை. இங்கே பிடித்து, கூண்டிலடைத்துக் கடல் தாண்டி விற்ற வியாபாரம்தான் காரணம்.

அந்த வியாபாரம் இன்னும் முழுசா ஒழியலை. 1972-ஆம் ஆண்டு வன உயிரினச் சட்டப்படி பச்சைக்கிளி வளர்ப்பது குற்றம். ஆனாலும் எங்க ஊர்ப் பட்டுப்போன பனைப் பொந்துகளில் கைவிட்டுக் குஞ்சு எடுக்க ஆள் வருது, பட்டணத்தில் வாங்க ஆள் இருப்பதால். என் கதிரைத் தின்கிற கிளியை நான் விரட்டுவேன். பிடிக்க மட்டும் விடமாட்டேன். நீங்களும் வாங்காதீங்க.