சாவா மூவாப் பேராடு

பண்பாடு என்னும் சொல் இக்காலத்துப் பேச்சினும் எழுத்தினும் பெரிதும் பயின்று வருகின்றது. ஆயினும் அதன் பொருள் யாதென வினவின், ஆடையும் அணியும், ஆடலும் பாடலும், கோபுரமும் சிற்பமும் என விடை கூறுவாரே பலர். வேறு சிலர், நம் பண்பாடு தொன்மை வாய்ந்தது, ஆதலின் அதற்கு அழிவில்லை என்று சொல்லி அமைவர். இக்கூற்றுக்கள் பொருந்துமா என்பதைச் சோழர் காலத்துக் கல்வெட்டுக்கள் சிலவற்றைக் கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

முதற்கண் சொல்லை நோக்குவோம். உழவன் நிலத்தை உழுது எருவிட்டு விளைவுக்கு உரியதாக்குதலைப் பண்படுத்துதல் என்கின்றோம். மேனாட்டார் வழங்கும் கல்ச்சர் என்னுஞ் சொல்லும் இலத்தீன் மொழியில் உழுதொழிலைக் குறித்த சொல்லினின்றே பிறந்தது. அதனை மனித உள்ளத்தின்மேல் ஏற்றி வழங்கியவர் சிசரோ என்னும் உரோம அறிஞர். பின்னர் 1871-ஆம் ஆண்டில் தைலர் என்னும் ஆங்கில நூலாசிரியர், அறிவு, கலை, ஒழுக்கம், சட்டம், வழக்கம் முதலாக, மனிதன் சமூகத்தில் ஒருவனாக இருந்து பெறுவனவற்றின் தொகுதியே அஃது என வரையறுத்தார். பெறுவன என்றமை உற்று நோக்கத்தக்கது. உடலின் நிறமும் உருவும் பிறப்பொடு வருவன. மொழியும் முறையும் அவ்வாறு வருவன அல்ல. ஒருவர் கொடுக்க மற்றொருவர் கொள்ளல் வேண்டும். ஒரு தலைமுறை உழாது விட்டால் நிலம் கரம்பாகும். அதன் தொன்மை அதனைக் காவாது.

இவ்வுண்மையை நம் முன்னோர் நூலெழுதி விளக்கினாரோ இல்லையோ, கோயில் விளக்கெரிக்கும் முறையில் நன்கு உணர்ந்திருந்தனர். நந்தா விளக்கு ஒன்றுக்கு இடத்திற்கேற்ப 90 அல்லது 96 ஆடுகளை நிவந்தமாக விடுவது அக்கால வழக்கம். தஞ்சைப் பெருங்கோயிலில் முதலாம் இராசராசன் காலத்தில் விளக்கொன்றுக்கு 96 ஆடுகள் விடப்பட்டன. அவற்றை ஏற்ற இடையன் நாடோறும் உழக்கு நெய் அளத்தல் வேண்டும். இவ்வாடுகளைச் 'சாவா மூவாப் பேராடு' எனக் கல்வெட்டுக்கள் கூறும். சாவாத ஆடு உலகில் உண்டோ? இல்லை. ஆடுகள் மூக்கும், சாகும். அவற்றின் இடத்தில் குட்டிகளை வளர்த்து நிரப்பித் தொகை குறையாது காப்பது இடையன் கடமை. அவன் மறைந்தால் அக்கடமை அவன் உறவின் முறையார்மேற் செல்லும். ஆகவே, சாவாதது ஆடன்று, ஏற்றுக்கொண்ட பொறுப்பே. சமூகத்தின் பண்பாடும் இத்தகையதென்பது எம் துணிபு. விளக்கு அழகியது; ஆனால் விளக்கைப் புகழ்வோர் நெய்யளந்தவனை நினைப்பது அரிது.

காத்தல் என்பது பழையதை மாற்றாது வைத்தல் அன்று. உத்தரமேரூர்ச் சபையார் முதற் பராந்தகன் காலத்தில் கி. பி. 919-இல் குடவோலை முறைக்கு விதி வகுத்தனர். 30 குடும்புகளினின்றும் வாரியத்துக்குரியாரைத் தேர்ந்தெடுக்க, 30 முதல் 60 வரை வயதெல்லை குறித்தனர். இரண்டே ஆண்டுகள் கழித்து, 921-இல், அவ்வெல்லையை 35 முதல் 70 எனத் திருத்தியதோடு, கணக்குக் காட்டாதாரையும் அவர்தம் உறவினரையும் விலக்கும் விதிகளையும் விரிவாக வகுத்தனர். தாம் செய்த விதியைத் தாமே குறையுடையதெனக் கண்டு திருத்தி, இரண்டனையும் கல்லிற் பொறித்த அத்துணிவு போற்றத்தக்கது. ஆயினும் அஃது அந்தணர் ஊரின் சபை என்பதையும், மகளிர்க்கும் நிலமில்லார்க்கும் அதில் இடமில்லை என்பதையும் மறைத்துப் புகழ்தல் வரலாறு ஆகாது.

காஞ்சிக்கு அணித்தாகிய திருமுக்கூடலில், திருமால் கோயிலைச் சார்ந்து, வீரராசேந்திரன் காலத்தில் ஆதுலசாலை ஒன்று நடைபெற்றது. நோயாளர்க்கு 15 படுக்கைகள், மருத்துவர் ஒருவர், சல்லியக் கிரியை செய்வான் ஒருவன், மருந்து கொணர்வார், பணி செய்யும் மகளிர் எனப் பலர்க்கும் நெல்லும் காசும் வரையறுக்கப்பட்டன. அங்கே கிடந்த நோயாளர் எவர் பெயரும் கல்லில் இல்லை. கைம்மாறு செய்ய இயலாத எளியார்க்கு ஆண்டுதோறும் இத்துணை நெல் என்று ஒரு சமூகம் கணக்கெழுதி வைத்தலினும் சிறந்த பண்பாட்டுச் சான்று வேறு யாம் அறியேம்.

இனி, இதற்கு மறுதலையான கல்லும் உண்டு. கி. பி. 1201-இல், மூன்றாங் குலோத்துங்கன் ஆட்சியில், பஞ்சம் நேர்ந்தபோது, திருப்பாம்புரத்தில் வேளாளன் ஒருவன் தன்னையும் தன் இரு புதல்வியரையும் 110 காசுக்குக் கோயிலுக்கு விற்றுக்கொண்டான். கோபுரங்கள் அன்றும் நின்றன. விளக்குகளும் பல ஊர்களில் எரிந்தன. படுக்கை பதினைந்துக்கு நெல் வகுத்த அதே நாடு, அம்மூவர்க்கு விலை கொடுத்தல்லது சோறு கொடுக்கவில்லை. அதனை மறைக்கவேண்டிய செய்தியாகவும் எவரும் கருதினாரல்லர். அவ்விலையையும் ஏனைய நிவந்தங்களைப் போலவே கல்லில் வெட்டி வைத்தனர்.