வன்னியில் யானை பிடித்தற் கலை

வன்னிப் பெருநிலத்தின் வரலாற்றை ஆராய்வோர் குளங்களையும் கோயில்களையும் குறுநிலத் தலைவர்களையும் பற்றி விரிவாக எடுத்துரைப்பர். வார்க்கயிறு ஒன்றையே துணையாகக் கொண்டு அந்நிலத்துக் காட்டிற் புகுந்து, யானையுடன் மீண்டவரைப் பற்றி அத்துணை விரிவாக உரைப்பதில்லை. ஆயினும் வன்னியின் அரசியலும் வாணிகமும் நெடுங்காலம் அவர்தம் திறனிலே தங்கியிருந்தன.

ஈழத்து யானைகள் கடல் கடந்து கலிங்க மன்னனுக்கு விற்கப்பட்ட செய்தியைக் கி.பி. 3 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த ஈலியன் கிரேக்க மொழியிற் குறித்துள்ளார். பிற்காலத்தில் 1619 இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய போர்த்துக்கேயரும், 1658 இல் அவர்களை வென்ற ஒல்லாந்தரும் பனங்காமம், முள்ளியவளை, கரிக்கட்டுமூலை முதலிய பற்றுகளை ஆண்ட வன்னியரிடமிருந்து யானைகளைத் திறையாகப் பெற்றனர். அவை ஆழமற்ற கடனீரேரியைக் கடந்து குடாநாட்டை அடைந்த வழியை ஆனையிறவு என்னும் பெயர் இன்றும் நினைவூட்டுகின்றது. யாழ்ப்பாணத்தில் அவற்றை வாங்கக் கோல்கொண்டாவிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வணிகர் வந்தனர். வன்னியரின் திறை நிலுவையாகக் கிடப்பதை 1697 இல் யாழ்ப்பாணத் தளபதி சுவாடகுறோன் தமது குறிப்பேட்டில் எழுதிவைத்தார். கணக்கேட்டில் வெறும் இலக்கமாக நின்ற யானையோ, காட்டில் மனித உயிரைப் பணயமாகக் கேட்பதாயிற்று.

யானையை உயிருடன் பிடிப்பது எவ்வாறு? தென்னிலங்கையிற் பெருந்திரளான மக்கள் கூடி யானைக் கூட்டத்தைப் பட்டிக்குள் ஓட்டினர். வடக்கிலும் வடகிழக்கிலும் பணிக்கர் எனப்பட்ட முஸ்லிம் வேட்டையாளர் வேறொரு முறையைக் கையாண்டனர். 1845 முதல் 1850 வரை இலங்கையிற் குடியேற்றநாட்டுச் செயலாளராக இருந்த எமர்சன் தெனன்ற், 1859 இல் வெளியிட்ட தமது நூலில் அதனை வியப்புடன் விவரிக்கின்றார். மான்தோல் அல்லது எருமைத்தோலாலான கயிறே அவர்தம் கருவி. இருவர் சேர்ந்து யானையின் பின்னே ஓசையின்றி ஊர்ந்து செல்வர். அது காலைத் தூக்கும் கணத்தில் ஒருவர் பின்காலிற் சுருக்கை மாட்டுவார்; கயிற்றின் மறுமுனை உடனே மரமொன்றிற் பிணைக்கப்படும்.

இக்கலையிற் பயில வேண்டியவை பல. அடிச்சுவட்டின் புதுமையையும் ஒடிந்த கிளையின் ஈரத்தையும் கண்டு யானை சென்ற வழியை அறிதல் முதலாவது. காற்றின் திசையறிந்து அணுகுதல் இரண்டாவது. யானையின் குணமறிந்து, முன்னேறுவதா பின்வாங்குவதா எனத் துணிதல் மூன்றாவது. கூட்டாளியின் அசைவைச் சொல்லின்றி உணர்தல் நான்காவது. இவற்றுள் எதனையும் தனியே பாதுகாப்புப் பயிற்சி என்று பிரித்தல் இயலாது. திறன் குறைந்த இடத்தில் உயிர் போயிற்று. ஆதலின் பாதுகாப்பே திறனாக அமைந்தது. இத்தகைய அறிவு நூலால் வருவதன்று. மூத்தோரின் அடியொற்றி நடந்தே இளையோர் பெறத்தக்கது. ஏறாவூர் போன்ற ஊர்களில் இது பரம்பரைத் தொழிலாக நிலைத்தது. மலையாள நாட்டிற் பணிக்கர் என்னுஞ் சொல் படைக்கலப் பயிற்சி ஆசானையும் குறித்தமை ஈண்டு நினைக்கத்தக்கது.

துப்பாக்கி இந்நிலையை மாற்றியது. யானைகள் பயிருக்குப் பகையெனக் கருதிய ஆங்கில அரசு, அவற்றைக் கொல்வோர்க்குப் பரிசு வழங்கியது. 1848 இற்கு முற்பட்ட மூன்றாண்டுகளுக்கும் குறைவான காலத்தில், வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3500 இற்கு மேற்பட்ட யானைகள் கொல்லப்பட்டன எனத் தெனன்ற் கூறுகின்றார். பணிக்கர் யானையைத் தொடும் தூரம் வரை செல்ல வேண்டியிருந்தது. சுடுபவர்க்கு அத்தேவை இல்லை. அருகே செல்லும் தேவை நீங்கவே, விலங்கை அறியும் தேவையும் குறைந்தது. 1937 இல் வனசீவராசிகள், தாவரப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டபோது கொலைக்குத் தடை வந்தது. இழந்த அறிவை மீட்டளிப்பது சட்டத்தால் ஆகுமோ?

அவ்விழப்பின் எல்லையை இன்று கட்டுத்துவக்கிற் காணலாம். காட்டுவழியிற் கட்டிய நூலோ கம்பியோ தட்டுப்பட்டவுடன் அது தானே வெடிக்கின்றது. அங்கே வேடனும் இல்லை. சுவடறியும் கண்ணும் இல்லை. வருவது பன்றியா, விறகெடுக்க வந்த மனிதனா என்று அது அறியாது. விலங்குக்கு வைத்த கட்டுத்துவக்கால் மனிதர் காலிழந்ததும் உயிரிழந்ததும் உண்டு.

பணிக்கரின் தொழிலை மீண்டும் தொடங்குக என்பது இதன் கருத்தன்று. யானையைப் பிணிப்பது அதற்குத் துன்பமே என்பதை நாம் அறிவோம். எனினும் 2009 இல் போர் ஓய்ந்தபின் வயல் திருத்தித் தோட்டம் வைத்த வன்னி மக்கள் மீண்டும் யானையோடு வாழ வேண்டியவராயினர். அவர்க்கு வேண்டியது கொல்லும் கருவியினும், சுவடும் காற்றும் குணமும் அறியும் கல்வியே. அக்கல்வி ஒருகால் இம்மண்ணில் இருந்தது என்பதற்கு வரலாறு சான்றாகும்.