எழுவைதீவின் இரவல் சைக்கிளும் அம்ஸ்ரர்டாமின் வெள்ளைச் சைக்கிளும்

எழுவைதீவின் கிழக்குக் கரையில் நின்றால், கடலுக்கு அப்பால் காரைநகரின் பனைகள் தெரியும். சிறுவயதில் நான் நாள்தோறும் பார்த்த காட்சி அது. அந்தக் கரைக்கு ஒருகாலத்தில் அம்ஸ்ரர்டாம் என்று பெயர் இருந்தது என்பதைப் பல்கலைக்கழகத்தில் வரலாறு படிக்கப்போன பின்னர்தான் அறிந்தேன். 1658இல் போர்த்துக்கேயரிடமிருந்து யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், எங்கள் தீவுகளுக்குத் தங்கள் நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டினார்கள். காரைதீவு அம்ஸ்ரர்டாம் ஆயிற்று. வேலணைத்தீவு லெய்டன், புங்குடுதீவு மிடில்பேர்க், அனலைதீவு றொட்டர்டாம், நயினாதீவு ஹார்லெம். எங்கள் சின்னஞ்சிறு எழுவைதீவுக்கும் ஹூர்ண் என்று ஒரு பெயரை ஒதுக்கினார்கள். நெடுந்தீவுக்கு இட்ட டெல்வ்ற் என்ற பெயர் ஆங்கில வழக்கில் இன்றும் நிலைத்திருக்கிறது. மற்றவை ஏட்டோடு போயின.

உண்மையான அம்ஸ்ரர்டாமில் 1965ஆம் ஆண்டு கோடைகாலத்தில் ஒரு விசித்திரமான காரியம் நடந்தது. 'புறோவோ' என்று தம்மை அழைத்துக்கொண்ட இளைஞர் குழுவொன்று, பழைய சைக்கிள்கள் சிலவற்றுக்கு வெள்ளை வர்ணம் பூசி, பூட்டுப் போடாமல் வீதியில் விட்டது. தேவைப்பட்டவர் எடுத்து ஓடலாம், போகுமிடத்தில் விட்டுவிடலாம், அடுத்தவர் அதை எடுத்துக்கொள்வார். மோட்டார் வாகனங்கள் நகரத்தின் நடுப்பகுதியை நெரிப்பதற்கு எதிரான திட்டம் அது. அதன் சிந்தனையாளர் லூட் ஸ்கிம்மல்பெனிங்க் என்ற வடிவமைப்பாளர். அவருடைய எதிர்பார்ப்பின்படி, மாநகரசபை ஆயிரக்கணக்கான வெள்ளைச் சைக்கிள்களை வாங்கி வீதிகளில் விடவேண்டும்.

பொலிஸார் அந்தச் சைக்கிள்களைப் பறித்துக்கொண்டு போனார்கள். அவர்கள் சொன்ன காரணந்தான் சுவையானது. பூட்டாத சைக்கிளை வீதியில் விடுவது சட்டவிரோதம். அது திருடனை அழைப்பதாகுமாம்! எல்லோருக்கும் சொந்தமான பொருளை எவரும் திருட முடியுமா என்ற கேள்வியைச் சட்டப்புத்தகம் கேட்கவில்லை. 1967இல் மாநகரசபை உறுப்பினரான ஸ்கிம்மல்பெனிங்க் திட்டத்தைச் சபையில் முன்வைத்தார். சபை நிராகரித்தது.

இந்தக் கதையை முதலில் வாசித்தபோது எனக்குப் புதுமையாக எதுவும் தோன்றவில்லை. அப்படியொரு சைக்கிள் எங்கள் வீட்டிலேயே இருந்ததுதான் காரணம்.

எழுவைதீவு, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்தே போய்விடக்கூடிய தீவு. வெளியுலகத்துக்கு ஊர்காவற்றுறைக்குப் படகேற வேண்டும். ஐயா ஊர்காவற்றுறைப் பக்கம் ஆசிரியராக இருந்தார். ஒவ்வொரு நாளும் படகில் சைக்கிளை ஏற்றி இறக்க முடியாதென்பதால் அவரிடம் இரண்டு சைக்கிள்கள் இருந்தன. அக்கரையில் நின்றது பழைய லுமாலா. இக்கரையில் நின்றது றலி. அந்த றலி, அம்மாவின் காப்பு ஒன்றை விற்று வாங்கப்பட்டது. இதை அம்மா எவருக்கும் மறக்க விடமாட்டார்.

காலையில் ஐயா படகேறிய பின்னர் றலி இறங்குதுறையில் சும்மா நிற்கும். 'வாத்தியாற்ரை சைக்கிள்' என்று சொல்லி ஆரும் எடுப்பார்கள். மீன்கூடை போகும், விறகு போகும், காய்ச்சல்காரரைக் கரியரில் இருத்திக்கொண்டு இறங்குதுறைக்கு வருவார்கள். ஐயாவின் நிபந்தனைகள் இரண்டே இரண்டு. மாலைப் படகு வருவதற்குமுன் எடுத்த இடத்தில் நிற்கவேண்டும். சில்லில் காற்று இருக்கவேண்டும். பூட்டு இருந்ததாக எனக்கு நினைவில்லை. ஒரு தீவில் சைக்கிளைத் திருடிக்கொண்டு எங்கே போவது?

கேள்வி வேடிக்கையாகத் தோன்றினாலும், உலகத்தின் பொதுச் சைக்கிள் திட்டங்கள் எல்லாம் இந்த ஒரு கேள்வியில்தான் முட்டிக்கொண்டு நின்றன. 1993இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரம் ஏறக்குறைய முந்நூறு பச்சைச் சைக்கிள்களைப் பொதுவில் விட்டது. மிக விரைவில் அநேகமாக எல்லாமே களவு போயின. 1995இல் கொப்பன்ஹேகன் சற்று உஷாராக இருந்தது. இருபது குறோணர் நாணயத்தைப் போட்டால் சைக்கிள் சங்கிலியிலிருந்து விடுபடும். திருப்பிப் பூட்டினால் நாணயம் கைக்கு வரும். அந்தத் திட்டம் 2012 வரை ஓடியது. ஆனால் இருபது குறோணரை இழக்கத் துணிந்தவனை அந்த நாணயத்தால் மறிக்க முடியவில்லை. 1998இல் பிரான்ஸின் றென் நகரம் இலத்திரனியல் அட்டையைக் கொண்டுவந்ததோடுதான் நிலைமை மாறியது. எடுத்தவர் யார் என்பது பதிவாயிற்று. எங்கள் தீவில் இறங்குதுறைக் கடைக்காரரின் கண் செய்த வேலையை அங்கே கணினி செய்தது எனலாம்.

2005இல் லியோன், 2007 ஜூலை 15இல் பாரிஸ். பாரிஸின் 'வெலிப்' ஏறக்குறைய ஏழாயிரம் சைக்கிள்களோடு தொடங்கி, சில காலத்திலேயே இருபதாயிரத்தை எட்டியது. என்னுடைய மருமகன் ஒருவன் அப்போது பாரிஸில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தான். வேலை முடியும் நேரத்தில் மெற்றோ நின்றுவிடும். லாச்சப்பல் பக்கத்து அறைக்கு அவன் வெலிப்பில்தான் வருவான். முதல் அரைமணி நேரம் இலவசம். இருபத்தெட்டாவது நிமிடத்தில் வழியிலுள்ள தரிப்பிடத்தில் ஒன்றைப் பூட்டிவிட்டு, இன்னொன்றை எடுத்தால் மறுபடி அரைமணி நேரம்! எங்கள் ஆட்களுக்கு இதையெல்லாம் யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

ஆனால் தொடக்கத்தில் அவனால் அதை எடுக்க முடியவில்லை. சைக்கிள் திரும்பாவிட்டால் அறவிடுவதற்காக 150 யூரோ பிணை கேட்டார்கள். அதற்கு வங்கி அட்டை வேண்டும். அகதி விண்ணப்பம் முடிவாகாதவனுக்கு வங்கி அட்டை ஏது? அறைத்தோழன் ஒருவனின் அட்டையில்தான் ஓடினான். அதாவது பொதுச் சைக்கிளை இரவல் அட்டையில் இரவல் எடுத்தான். பொது என்ற சொல்லுக்குள் எவர் அடங்குகிறார், எவர் வெளியே நிற்கிறார் என்பதை நம்மவர்கள் இப்படித்தான் கற்றுக்கொள்கிறார்கள்.

வெலிப்புக்கும் களவுத் தொல்லை இருந்தது. முதல் ஒன்றரை ஆண்டுகளில் ஏழாயிரத்துக்கு மேற்பட்டவை காணாமற் போயின. மேட்டுப்பகுதித் தொல்லை வேறு. மொன்மாத்தர் போன்ற மேடுகளிலிருந்து எல்லோரும் சைக்கிளில் இறங்கினார்கள். மிதித்து ஏறியவர் குறைவு. மேலே தரிப்பிடங்கள் வெறுமையாகவும், கீழே நிரம்பியும் கிடந்தன. வாகனங்களில் ஏற்றி இறக்கினார்கள். மேட்டுத் தரிப்பிடத்தில் கொண்டுபோய் விடுபவருக்கு மேலதிக இலவச நிமிடங்களைக் கொடுத்தார்கள்.

பின்னர் சீனா, மொன்றியல், லண்டன், நியூயோர்க் என்று இது பரவியது. 2017இல் மைசூர் 450 சைக்கிள்களோடு 'டிரின் டிரின்' திட்டத்தைத் தொடங்கியது. 2019இல் சென்னையும் சேர்ந்துகொண்டது. கோயம்புத்தூரில் மஞ்சள் சைக்கிள்களோடு இறங்கிய 'ஓஃபோ' என்ற சீன நிறுவனம் 2018இலேயே இந்தியாவைவிட்டு வெளியேறியது. தரிப்பிடமே இல்லாமல் கண்ட இடத்தில் விடும் அதன் முறை, சீன நகரங்களில் சைக்கிள்களை மலைமலையாகக் குவித்தது. இரவல் கொடுப்பது ஊரல்ல, முதலீட்டாளர் என்றால், முதலீடு வற்றும் நாளில் சைக்கிள் குப்பையாகிவிடுகிறது.

யாழ்ப்பாணத்துக்கு வருகிறேன். 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல் மறைந்தது. குடாநாடே சைக்கிளில் ஏறியது. மின்கலத்துக்கும் தடை என்பதால், சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திச் சில்லைச் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்டோம். நான் செய்தியாளனாகச் சேர்ந்த காலம் அது. அச்சுத்தாள் இல்லாமல் பாடசாலைக் கொப்பித்தாளில் பத்திரிகை அச்சான நாட்கள். செய்தி சேகரிப்பதும் சைக்கிளில், பத்திரிகை போவதும் சைக்கிளில். 1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமம் முழுவதும் நாவற்குழிப் பாலத்தால் வெளியேறியபோது, சைக்கிள்களை ஓட்ட இடமில்லாமல் உருட்டிக்கொண்டு போனோம்.

அதற்குமுன்பே, 1990இன் பிற்பகுதியில், தீவுப்பகுதி இராணுவத்தின் கைக்கு வந்தபோது பெருந்தொகையான தீவு மக்கள் வெளியேறியிருந்தார்கள். ஐயாவும் அம்மாவும் படகேறினார்கள். படகில் ஆட்களுக்கே இடமில்லை. றலி கிணற்றடி வேலியில் சாத்தியபடி நின்றது.

2002இல் போர்நிறுத்தம் வந்தபின் ஐயா தீவுக்குப் போனார், நானும் கூடப்போனேன். இறங்குதுறையில் அந்த றலி நின்றது. பச்சை வர்ணம் பூசியிருந்தார்கள். சில்லுகள் மாறியிருந்தன. ஆனால் பழைய சைக்கிள் லைசென்ஸ் தகடு அப்படியே இருந்தது. தீவைவிட்டுப் போகாமல் இருந்துவிட்ட ஒரு குடும்பத்தவர் அதைப் பன்னிரண்டு ஆண்டுகளாக ஓடியிருந்தார்கள். அவர்கள் மட்டுமல்ல, இருந்தவர்கள் எல்லோரும் ஓடியிருந்தார்கள்.

அந்த வீட்டுக்காரர் தகவல் அறிந்து வந்தார். சைக்கிளை ஐயாவின் முன்னால் நிறுத்திவிட்டு, "வாத்தியார், குறை நினைக்கக்கூடாது" என்றார். ஐயா அழுத்திப் பார்த்துவிட்டு, "முன் சில்லில காத்துக் குறைவு" என்றார். வேறொன்றும் பேசவில்லை. சைக்கிளை வாங்கவுமில்லை.

அம்மாவுக்கு இது பொறுக்கவில்லை. "அது என்ரை காப்பு" என்றார். நான் அப்போது அம்மாவின் பக்கம் நின்றேன். இன்றும் ஒருபாதி அங்கேதான் நிற்கிறேன். விரும்பிக் கொடுத்த இரவல் வேறு, ஓடிப்போனவனின் முற்றத்திலிருந்து எடுத்தது வேறு. தீவுப்பகுதியில் ஓடு கழற்றப்பட்ட வீடுகளையும், கதவு பிடுங்கப்பட்ட வாசல்களையும் நான் செய்தியாக எழுதியவன். அவற்றோடு இந்தச் சைக்கிளையும் சேர்த்து எழுத என்னால் முடியவில்லை. போகாமல் இருந்தவர்களின் நோயாளிகளைப் பன்னிரண்டு ஆண்டுகளாக அது இறங்குதுறைக்குக் கொண்டுவந்தது என்பதும் உண்மை. ஐயா காலமாகும்வரை இதைப்பற்றி அவரும் அம்மாவும் உடன்படவில்லை.

2022இல் இலங்கையில் எரிபொருள் தீர்ந்தது. ஜூன் இறுதியில் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்று அரசாங்கம் அறிவித்தது. மண்ணெண்ணெய் இல்லாமல் மீன்பிடிப் படகுகள் கரையில் கிடந்தன. யாழ்ப்பாணத்தில் மூலையில் கிடந்த சைக்கிள்கள் எல்லாம் வெளியே வந்தன. புதியவற்றின் விலையைக் கேட்கவே அச்சமாயிருந்தது.

அதற்கு அடுத்த ஆண்டு பாரிஸ் மருமகன் பிள்ளைகளோடு வந்திருந்தான். எழுவைதீவில் இறங்கியதும், வரிசையாகச் சாத்தியிருந்த சைக்கிள்களைக் காட்டி அவனுடைய மூத்த மகன், "இதற்கு எந்த அட்டை வேண்டும்?" என்று பிரெஞ்சில் கேட்டான். கடையில் இருக்கும் அம்மாவிடம் சொல்லிவிட்டு எடு என்றேன். அவன் எடுத்தது வேறொரு சைக்கிள். றலியின் சட்டத்தை அன்று நான் தேடிப் பார்த்தேன், அங்கே இல்லை. யாரோ எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். மாலைப் படகு வருவதற்குமுன் வந்துவிடும் என்றார் கடைக்கார அம்மா. நாங்கள் அதற்கு முந்திய படகில் ஏறிவிட்டோம்.