கண்ணிவெடி அகற்றலில் மெட்டல் டிடெக்டர் சோதனை

கண்ணிவெடி அகற்றும் பணியில் மெட்டல் டிடெக்டர், எதிர்பார்க்கப்படும் வெடியின் உலோகத்தைத் தேவையான ஆழத்தில், அந்த நிலத்து மண்ணிலேயே காட்டுகிறதா என்பதை நாள்தோறும் உறுதி செய்துகொள்ளும் முறை இது. கருவி ஒலித்த இடத்தில் பணியாளர் நின்று தோண்டிப் பார்ப்பார். பழைய ஆணி கிடைத்தால் நேரம்தான் நட்டம். ஒலிக்காத இடத்தில் காலை வைத்து முன்னேறுவார். சோதனை முழுவதும் கருவியின் மௌனத்தை நம்பலாமா என்று அறிவதற்கே.

கருவியின் தேடும் வட்டுக்குள் உள்ள கம்பிச்சுருள் மாறும் காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. அருகில் உலோகம் இருந்தால் அதில் சுழல் மின்னோட்டம் எழும். அது உண்டாக்கும் எதிர்ப்புலத்தைக் கருவி உணர்ந்து ஒலிக்கும். சுருளை விட்டு நன்கு விலகியிருக்கும் சிறு பொருளின் சைகை தூரத்தின் ஆறாம் படிக்கு ஏற்பக் குறைகிறது. தூரம் இரட்டித்தால் சைகை ஏறத்தாழ 64இல் ஒரு பங்காகிவிடும். வட்டைச் சில சென்டிமீட்டர் கூடுதலாக உயர்த்திப் பிடிப்பதும் தவறுதான். இலங்கையின் வடக்கில் ஏராளமாகக் கிடைத்த பாகிஸ்தான் தயாரிப்பு பி4 மிதிவெடியின் உடல் பிளாஸ்டிக். உள்ளே இருக்கும் உலோகம் மிகச் சொற்பம். போலந்து அதிகாரி யூசெஃப் கொசாட்ஸ்கி உருவாக்கி, 1942இல் எல் அலமெய்னில் பயன்பட்ட கருவிக்கு இவ்வளவு கடினமான இலக்கு பெரும்பாலும் வாய்க்கவில்லை.

காலையில் மின்கலம், இணைப்புக் கம்பி, வட்டு ஆகியவற்றைப் பார்த்த பிறகு, கருவியோடு வரும் சோதனைத் துண்டைக் குறித்த தூரத்தில் காட்டுவார்கள். கருவி உயிரோடு இருக்கிறது என்பதற்கு மேல் இந்தக் காற்றுச் சோதனை எதையும் நிறுவுவதில்லை. இரும்பு ஆக்சைடு மிகுந்த செம்மண் தானே சைகை தரும். அதைத் தணிக்க மண்ணுக்கேற்பக் கருவியைச் சரிசெய்யும்போது உணர்திறனும் சற்றுக் குறையலாம். 1881இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கார்ஃபீல்டின் உடலில் இருந்த குண்டைத் தேடிய கிரகாம் பெல்லின் கருவி, முன்னோட்டங்களில் நன்றாக இயங்கியும் நோயாளியிடம் தோற்றது. கட்டிலின் கம்பிச்சுருள்கள் ஒரு காரணமாகச் சொல்லப்படுகின்றன. ஆகவே களத்து மண்ணிலேயே, வேறு உலோகம் இல்லாத ஓரிடத்தில், வெடிமருந்து இல்லாத மாதிரி வெடியைப் புதைத்து அதன்மேல் கருவியை ஓட்டிப் பார்ப்பதே முக்கியமான சோதனை. ஆழத்தை அந்தந்தத் திட்டம் வகுக்கிறது; 13 செ.மீ. பலவற்றில் வழக்கம். 2003இல் வெளிவந்த சிடபிள்யூஏ 14747 என்ற ஐரோப்பிய ஆவணமும் காற்று, மண் இரண்டிலும் கருவிகளைச் சோதிக்கும் முறைகளைத் தனித்தனியே வகுத்தது.

காலையில் தேறிய கருவி மாலைவரை அப்படியே இருக்கும் என்பதில்லை. வெயில் ஏறுவதாலும் மின்கலம் இறங்குவதாலும் அளவு நகரும். ஓய்வுக்குப் பின்னும், மின்கலம் மாற்றினாலும், கருவி கீழே விழுந்தாலும் மறுபடி சோதிக்க வேண்டும். உயர் அழுத்த மின்கம்பியும் பக்கத்தில் இயங்கும் மற்றொரு டிடெக்டரும் பொய் ஒலி எழுப்பும். பணியாளரின் கைக்கடிகாரமும் இரும்பு முனை வைத்த காலணியும்கூட அப்படித்தான்.

பராமரிப்பில் பெரிய நுட்பம் ஏதுமில்லை. ஈரத் துணியால் சேற்றைத் துடைப்பது, வட்டில் விரிசல் பார்ப்பது, கம்பி தொங்கி ஆடாமல் தண்டோடு இறுகச் சுற்றுவது, நெடுநாள் வைக்கும்போது மின்கலத்தைக் கழற்றிவிடுவது ஆகியவை போதும். பழுது பார்த்துத் திரும்பிய கருவியை முழுச் சோதனை இல்லாமல் களத்துக்கு அனுப்பலாகாது.

இடையில் ஒரு சோதனையில் கருவி தவறினால் அதை ஒதுக்கி வைப்பது மட்டும் போதாது. கடைசியாகத் தேறிய சோதனைக்குப் பின் அது கடந்த நிலம் முழுவதையும் வேறு கருவியால் மீண்டும் தேட வேண்டும். அடிக்கடி சோதிக்கும் குழுவுக்கு அது சில மீட்டர் வேலை. காலையில் மட்டும் சோதிக்கும் குழுவுக்கு ஒரு நாள் வேலை.